புதுக் கணினிக்குச் சிடி டிரைவ் வேண்டுமா? – ஒரு வட்டத் தகட்டின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்கும் பருவம் இது. இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், கடையில் காட்டுகிற எந்த லேப்டாப்பிலும் சிடி போடுகிற இடமே இல்லை. கேட்டால் இப்போது எதிலும் வராது என்கிறான். அது இல்லாமல் வாங்கலாமா, பழைய மாடல் தேடிப் பிடிக்கலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எந்த வாத்தியாரும் ஒரு வரியில் பதில் சொன்னதாக வரலாறு இல்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பதில் தானாக வரும். அதோடு, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிய அவசரமும் புரியும்.

முதலில் ஒன்று. கணினி பிறக்கும்போது சிடி டிரைவோடு பிறக்கவில்லை. அதற்கு முன் இருந்தது ஃபிளாப்பி. நெகிழ்வட்டு என்று பாடப்புத்தகத்தில் எழுதினோம். ஐபிஎம் நிறுவனம் 1971இல் கொண்டுவந்தபோது அது எட்டு அங்குல அகலம். 1976இல் ஐந்தேகால் அங்குலமாகச் சுருங்கியது. பிறகு மூன்றரை அங்குலம். உங்களில் பலர் பார்த்தது இந்தக் கடைசி வகையைத்தான், சதுரமான கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்குமே, அது. அதில் கொள்ளும் அளவு 1.44 எம்பி. இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது.

இந்த நிலையில்தான் பாட்டுக் கேட்பதற்காக வேறொரு பொருள் பிறந்தது. ஹாலந்தின் பிலிப்ஸ், ஜப்பானின் சோனி என்ற இரண்டு நிறுவனங்கள் போட்டி போடுவதை விட்டுவிட்டு ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கியது குறுந்தகடு. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் தடிமன், 74 நிமிடப் பாட்டு.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை எத்தனை பேர் யோசித்திருப்பீர்கள்? தகட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் ஒரே வரிசையாகச் சுருள் வடிவில் ஓடுகின்றன. கொசுவர்த்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஏறக்குறைய ஐம்பது வரிகள் அடங்கிவிடும். அதன்மேல் லேசர் ஒளி விழுகிறது. சமதளத்தில் பட்டால் ஒரு மாதிரித் திரும்புகிறது, பள்ளத்தின் விளிம்பில் பட்டால் வேறு மாதிரித் திரும்புகிறது. அந்த வேறுபாட்டை ஒன்று, சுழி என்று கணினி படிக்கிறது. கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். குறுந்தகடு உள்ளிருந்து வெளியே ஓடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாட்டை வைக்க முடிந்தால் எழுத்தையும் படத்தையும் வைக்கலாமே என்று யோசித்தார்கள். அப்படி வந்தது சிடி-ராம். ஒரு தகட்டில் 650 எம்பி. ஐந்தாம் வகுப்புக் கணக்காகவே போடுங்கள்: 650ஐ 1.44ஆல் வகுத்தால் 451. அதாவது 451 ஃபிளாப்பி தூக்க வேண்டிய சுமை ஒரே தகட்டில்! 1985இல் குரோலியர் கலைக்களஞ்சியம் சிடியில் வந்தது. அதன் எழுத்து முழுவதும் அடங்கிய பிறகும் தகட்டில் இடம் மீந்திருந்தது. 1993இல் மைக்ரோசாஃப்ட் 'என்கார்ட்டா' கலைக்களஞ்சியத்தைச் சிடியில் வெளியிட்டது. எழுத்தோடு படம், குரல், அசையும் காட்சி எல்லாம். 1990களில் ஒரு கணினி 'மல்டிமீடியா' கணினி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் சிடி டிரைவ் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது இப்படித்தான்.

நம் பள்ளிகளுக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணினிகள் வந்தபோது கூடவே குறுந்தகடுகளும் வந்தன. அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளை தயாரித்த கணினிவழிக் கற்றல் சிடிகளை இப்போது முப்பது வயதைத் தொடும் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு கணினிக்கு முன்னால் நான்கைந்து பேர் முட்டிமோதி உட்கார்ந்து, எலியை யார் பிடிப்பது என்று சண்டை போட்டீர்களே! தட்டு வெளியே வருவதைப் பார்க்கவே அந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கி என்னிடம் திட்டு வாங்கியவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை.

அடுத்த திருப்பம், நாமே எழுதக்கூடிய தகடு. கடையில் விற்கும் பாட்டு சிடி அச்சு வார்த்தது. நாம் 'பர்ன்' பண்ணும் சிடி அப்படியல்ல. அதற்குள் ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுக் கறையாக்குகிறது. அதனால்தான் 'எரிக்கிறது' என்று பெயர். சாயம் என்றால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலில் போட்டால் வெளுக்கும், ஈரம் பட்டால் கெடும். அச்சுத் தகடும் எரித்த தகடும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆயுள் ஒன்றல்ல.

இந்த எழுதும் தகட்டில் இந்தியாவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1983இல் டெல்லியில் தொடங்கிய மோசர் பேயர் நிறுவனம் முதலில் நேரப் பதிவுக் கருவிகள் செய்தது, பிறகு ஃபிளாப்பிக்கும் அதன்பின் சிடிக்கும் மாறியது. ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய தகடு தயாரிப்பாளர்களில் ஒன்று அது. 2007 வாக்கில் அவர்கள் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றது பலருக்கு நினைவிருக்கும். மளிகைக் கடையில் சாம்பார்ப் பொடிக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படமும் சிவாஜி படமும் தொங்கின. அதே நிறுவனத்தைக் கலைத்து விற்கும்படி 2018இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பத்துப் பதினோரு ஆண்டுகளில் உச்சியும் முடிவும். தொழில்நுட்பத்தை நம்பி ஒரே பொருளில் நிற்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

நடுவில் தகடும் வளர்ந்தது. 1996இல் ஜப்பானில் டிவிடி வந்தது. அதே அளவுத் தகடு, ஆனால் 4.7 ஜிபி. 2006இல் புளூ-ரே, 25 ஜிபி. அளவு மாறாமல் கொள்ளளவு எப்படிக் கூடியது? விடை, ஒளியின் நிறத்தில் இருக்கிறது. சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. டிவிடிக்கு 650, சிவப்பு. புளூ-ரேக்கு 405, நீலமும் ஊதாவும் கலந்த நிறம். அலைநீளம் குறையக் குறைய ஒளியின் முனை கூர்மையாகிறது. சுண்ணக்கட்டியால் ஒரு பலகையில் எத்தனை வரி எழுதலாம், கூர்சீவிய பென்சிலால் அதே இடத்தில் எத்தனை வரி எழுதலாம்? அதே கணக்குத்தான்.

இனி, டிரைவ் ஏன் போனது என்ற கேள்விக்கு வருவோம்.

1998இல் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் என்ற கணினியை வெளியிட்டது. அதில் சிடி டிரைவ் இருந்தது, ஃபிளாப்பி டிரைவ் இல்லை. உலகமே சிரித்தது. ஃபிளாப்பி இல்லாமல் எப்படிக் கோப்பை எடுத்துப்போவது என்று கேட்டார்கள். 2000ஆம் ஆண்டிலேயே பதில் வந்துவிட்டது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் கட்டைவிரல் அளவில் யூஎஸ்பி நினைவகத்தை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஐபிஎம் விற்ற பென் டிரைவின் கொள்ளளவு 8 எம்பி. இன்று கேட்டால் சிரிப்பு வரும், அன்று அது ஐந்து ஃபிளாப்பிக்கு மேல். 2011இல் சோனியே ஃபிளாப்பி தயாரிப்பை நிறுத்திக்கொண்டது.

ஏறக்குறையப் பத்தாண்டு கழித்து, 2008 ஜனவரியில், ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறையிலிருந்து மேக்புக் ஏர் என்ற மடிக்கணினியை உருவி எடுத்துக் காட்டினார். இந்த முறை அதில் சிடி டிரைவ் இல்லை. வேண்டுமானால் தனியாக 99 டாலர் கொடுத்து வெளியில் செருகிக்கொள்ளலாம். மறுபடியும் உலகம் சிரித்தது. ஆனால் காரணம் எளிமையானது. மடிக்கணினிக்கான டிரைவ் 12.7 மில்லிமீட்டர் தடிமன், பின்னால் வந்த மெல்லிய வகை 9.5. அந்தக் கணினியே மிகத் தடித்த இடத்தில் 19 மில்லிமீட்டர்தான். அதில் பாதி உயரத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு பெட்டியை எப்படி வைப்பது? அந்த இடத்தில் பேட்டரி வைத்தால் கூடுதல் நேரம் ஓடும். சுழலும் பாகம் ஒன்று குறைந்தால் பழுதும் குறையும், மின்சாரமும் மிச்சம்.

இடமும் எடையும் மட்டும் காரணமல்ல. தகடு செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். 2011இல் ஆப்பிள் தன் இயங்குதளத்தையே இணையம் வழியாக இறக்கிக்கொள்ளும்படி விற்றது. 2015இல் விண்டோஸ் 10 பென் டிரைவில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையத்தின் விலை சரிந்தது. படம் பார்க்கத் தகடு வாங்குவது அத்தோடு நின்றது. பள்ளியில்? 2018இல் வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு அச்சிட்டார்கள். முன்பு வட்டார வள மையத்திலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்த குறுந்தகடுகள் செய்த வேலையை அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் செய்தது. நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் எங்கள் பள்ளி அலமாரியில் இருந்த சிடிகளை யாரும் தொடுவதில்லை. சில, பக்கத்து வயலில் குருவி விரட்டத் தொங்கின. அதுவும் ஒரு பயன்தான்.

2024இல் ஆப்பிள் அந்த வெளி டிரைவையும் விற்பதை நிறுத்தியது. 2025 பிப்ரவரியோடு எழுதும் புளூ-ரே தகடுகளின் தயாரிப்பைச் சோனி நிறுத்தியது. பெற்ற தாயே கைகழுவிவிட்டாள் என்று சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் சட்டமும் அலுவலகமும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஜப்பானில் அரசு அலுவலகத்துக்குப் படிவங்களை ஃபிளாப்பியில் தர வேண்டும் என்பது போன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகள் இருந்தன. அவற்றை நீக்கி முடித்தது 2024இல்! நாம் சிரிக்க வேண்டாம். நம் தகவல் அறியும் உரிமைச் சட்ட விதிகளில் ஃபிளாப்பி ஒன்றுக்கு 50 ரூபாய் என்று கட்டணம் குறித்திருக்கிறார்கள். இன்றைக்கு 50 ரூபாய் கட்டினாலும் ஃபிளாப்பிக்கு எங்கே போவது? ஸ்கேன் மையங்களிலும் இன்னும் பல ஊர்களில் படச்சுருளோடு ஒரு சிடியையும் உறையில் போட்டுத் தருகிறார்கள். அதை எதில் போட்டுப் பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே, புதுக் கணினிக்குள் சிடி டிரைவ் வேண்டுமா என்றால், வேண்டாம். தயங்காமல் டிரைவ் இல்லாததை வாங்குங்கள். பழைய மாடலைத் தேடி அலைய வேண்டாம்.

பதில் முடிந்துவிட்டது. ஆனால் கேள்வியின் மறுபாதி இனிமேல்தான் இருக்கிறது. கணினிக்குத் தேவையில்லை என்பது வேறு, நமக்குத் தேவையில்லை என்பது வேறு. 1995 முதல் 2015 வரை நம் குடும்பங்களில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் எங்கே இருக்கிறது? கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, எல்லாம் வீடியோக்காரர் கொடுத்த தகட்டில். அதற்கு முன்னால் எடுத்தது காகிதப் படம், ஆல்பத்தைத் திறந்தால் தெரியும். அதற்குப் பின்னால் எடுத்தது கைப்பேசியில் இருக்கிறது. நடுவில் இருக்கிற இருபதாண்டு மட்டும், திறக்கச் சாவி இல்லாத பெட்டியாகக் கிடக்கிறது.

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1086இல் அந்நாட்டு அரசன் முதலாம் வில்லியம் ஊர் ஊராக நிலம், மாடு, உழவர் எல்லாவற்றையும் கணக்கெடுத்துப் புத்தகமாக எழுத வைத்தான். டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986இல் பிபிசி ஒரு பெரிய முயற்சி செய்தது. நாட்டை நான்கு கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளையும் ஊர்க்காரர்களையும் கொண்டு எழுத வைத்தார்கள். எங்கள் தெரு எப்படி இருக்கிறது, என்ன சாப்பிடுகிறோம், என்ன விளையாடுகிறோம் என்று பிள்ளைகள் எழுதினார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். எல்லாவற்றையும் இரண்டு பெரிய லேசர் தகடுகளில் ஏற்றினார்கள். தோசைக்கல் அளவுத் தகடு, 30 சென்டிமீட்டர் விட்டம். அதைப் படிக்கத் தனிக் கருவியும் தனிக் கணினியும் வேண்டும். விலை ஆயிரக்கணக்கான பவுண்டு. எழுதிக்கொடுத்த பள்ளிகளில் பலவற்றால் அதை வாங்கவே முடியவில்லை.

பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தக் கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, ஓடுகிற கருவியைத் தேடும் நிலை. தகடு நன்றாக இருந்தது, படிக்க ஆளில்லை! ஆனால் 900 ஆண்டுக்கு முன் ஆட்டுத்தோலில் மையால் எழுதிய மூலப் புத்தகம் லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லத்தீன் தெரிந்தவர் இன்றும் வாசிக்கலாம். பிறகு லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதி 2002இல் அந்தத் தகடுகளை மீண்டும் பேச வைத்தார்கள். 2011இல் பிபிசி அந்தப் பிள்ளைகளின் எழுத்தை இணையத்தில் வைத்தது. பெரிய நிறுவனம், பெரிய பல்கலைக்கழகங்கள், அதனால் மீட்டார்கள். நம் வீட்டுத் தகட்டுக்கு எந்தப் பல்கலைக்கழகம் வரும்?

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சென்ற ஆண்டு எனக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்த ஆயாவை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள்தான். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. திருப்பூரில் இருக்கும் அவருடைய பேத்தி கேட்டாள்: "சார், எங்கள் ஆயாவின் குரல் எங்கேயும் இல்லை. 2007 ஆண்டு விழாவில் மேடை ஏறிக் கும்மிப்பாட்டுப் பாடினதாக அம்மா சொல்வார்கள். அந்த சிடி உங்களிடம் இருக்கிறதா?"

இருந்தது. என் மகனுடைய மடிக்கணினியில் போட இடமில்லை. தெரிந்த ஜெராக்ஸ் கடையில் பழைய மேசைக்கணினி இருந்தது. அதில் போட்டால், தகடே இல்லை என்று சொன்னது. இன்னொரு இடத்தில் போட்டோம், சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. மூன்றாவதாக, பழைய மாணவர் ஒருவர் வெளியில் செருகும் டிரைவ் ஒன்றை எடுத்து வந்தார். அது படித்தது. டிரைவுக்கு டிரைவ் கண்பார்வை வேறுபடும், ஒன்று கைவிட்டதை இன்னொன்று படிக்கும். முதல் ஐம்பத்திரண்டு நிமிடம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது.

தகடு உள்ளிருந்து வெளியே ஓடும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? விழாவின் தொடக்கம் தகட்டின் நடுவில், முடிவு விளிம்பில். விளிம்பில்தான் விரல் படும், ஈரம் ஏறும், கீறல் விழும். ஆயா பாடியது முப்பத்தெட்டாவது நிமிடம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒலிபெருக்கியைப் பார்த்து ஒரு நொடி பயந்து, பிறகு முழுக் குரலில் பாடுகிறார். நான்கு நிமிடம். அதை அன்றைக்கே பேத்திக்கு அனுப்பினோம். அவள் பதிலாக ஒன்றும் எழுதவில்லை. இரவு பதினொரு மணிக்கு அவளுடைய அம்மா கூப்பிட்டு, பேச முடியாமல் போனை வைத்துவிட்டார்.

ஆனால் அந்தத் தகட்டின் கடைசியில் பரிசளிப்பு இருந்தது. ஓட்டப் பந்தயத்தில், கட்டுரையில், திருக்குறள் ஒப்புவித்தலில் பரிசு வாங்கிய பிள்ளைகள். பள்ளிக்கு வந்த பெற்றோர் முகங்கள். அது என் தகட்டில் போய்விட்டது.

நம் முன்னோர் இதை வேறு மாதிரிக் கையாண்டார்கள். பனையோலையும் நிரந்தரமல்ல. பூச்சி அரிக்கும், முறியும், எழுத்து மங்கும். அதனால் அவர்கள் ஓலையை நம்பவில்லை, படியெடுப்பதை நம்பினார்கள். ஓர் ஏடு பழுதாகும் முன் புது ஓலையில் எழுதிக்கொண்டு, பழையதை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டார்கள். படியெடுக்காமல் ஆற்றில் விட்ட வீடுகளும் இருந்தன. அப்படிப் போனவை எத்தனை என்று கணக்கில்லை. மிஞ்சியதைத் தேடி உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். 1887இல் சீவக சிந்தாமணியை அவர் அச்சேற்றியது ஒரே ஓர் ஏட்டை வைத்து அல்ல, பல ஏடுகளை ஒப்பிட்டு. ஒன்றில் சிதைந்தது இன்னொன்றில் இருந்தது. பல படிகள் பல வீடுகளில் இருந்ததால்தான் அது முடிந்தது.

இதைப் பெரிய நிறுவனங்களும் அறியும். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த முகநூலின் நிறுவனமே 2014இல் பத்தாயிரம் புளூ-ரே தகடுகள் அடுக்கிய ஒரு பெட்டியைச் சோதனையாகச் செய்து காட்டியது. பயனர்களின் பழைய படங்களின் காப்புப் படிகளைத் தூங்க வைப்பதற்கு! தகடு கெட்ட பொருளில்லை. கவனிப்பார் இல்லாத தகடுதான் கெடுகிறது.

ஆகவே பிள்ளைகளே, வீட்டுப்பாடம் தருகிறேன். பழக்கம் விடாது.

ஒன்று. புதுக் கணினி டிரைவ் இல்லாமலேயே வாங்குங்கள். யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஏறக்குறைய 2,000 ரூபாய். வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து ஒன்று வாங்கி, வீடு வீடாகச் சுற்றவிடுங்கள். இப்போது கடையில் கிடைக்கிறது. பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டு. வீட்டில் எரித்த தகடுகளையும் வீடியோக்காரர் கொடுத்த தகடுகளையும் முதலில் படியெடுங்கள். கடையில் வாங்கிய படமும் பாட்டும் பொறுத்துக்கொள்ளும், அவை வேறு எங்காவது கிடைக்கும். உங்கள் கல்யாணம் வேறெங்கும் கிடைக்காது.

மூன்று. விசிடி என்றால் உள்ளே 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறை இருக்கும். அதில் உள்ள 'டேட்' கோப்புகள்தான் படம். டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' கோப்புறை, அதில் 'விஓபி' கோப்புகள். அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். விஎல்சி என்ற இலவச மென்பொருளில் இரண்டும் ஓடும்.

நான்கு. தகடு அழுக்காக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டமாக விழும் கீறல் எழுத்துச் சுருளின் போக்கிலேயே ஓடி, அதிகம் கெடுக்கும். சிடியின் மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதாதீர்கள். விவரம் இருப்பது அந்த மேல்பக்கத்துக்கு மிக அருகில்தான், பளபளக்கும் கீழ்ப்பக்கத்தில் அல்ல. வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.

ஐந்து. எடுத்த படியை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பென் டிரைவை மேசை அறையில் போட்டு ஆண்டுக்கணக்கில் மறந்தால் அதுவும் மறக்கும். கூகுள் கணக்கு மட்டும் போதும் என்றால், இரண்டு ஆண்டு திறக்காத கணக்கை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்பா காலமான பிறகு அவர் கணக்கைத் திறப்பவர் யார்? மூன்று படி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில். ஓர் ஹார்ட் டிஸ்க், ஓர் இணையக் கணக்கு, வெளியூரில் இருக்கும் தங்கையிடம் ஒரு படி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துப் புதிதாக மாற்றுங்கள். ஆடிப்பெருக்கை நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த 2007 ஆண்டு விழாத் தகட்டை வீடியோக்காரர் நாற்பது பேருக்குப் போட்டுக்கொடுத்தார். அன்று அதை வாங்கிய பெற்றோர் இந்தப் பதிவைப் படிப்பவர்களின் வீடுகளில்தான் இருக்கிறார்கள். பரணில், பழைய சூட்கேஸில், டிவி பெட்டிக்கு அடியில் தேடிப் பாருங்கள். யாரிடமாவது ஐம்பத்திரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு ஓடுகிற தகடு இருந்தால் இங்கே கீழே எழுதுங்கள். டிரைவோடு நானே வருகிறேன். அன்று பரிசு வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டட்டும்.



என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்